பீடோங் தீவும் சிவப்பு ஐசியும்

மலேசியச் சட்டத்துக்கு 'அகதி' என்ற ஆளைத் தெரியாது. 1959/63 குடிநுழைவுச் சட்டம் அறிந்தது இரண்டு வகையினரை மட்டும்தான்: அனுமதியோடு நுழைந்தவர், அனுமதியில்லாமல் நுழைந்தவர். இரண்டாம் வகையில் அகப்பட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படி வரை தண்டனை. துப்பாக்கிக்குத் தப்பி வந்தவரா, கூடுதல் சம்பளத்துக்குப் படகேறியவரா என்று கேட்கும் பிரிவு அதில் கிடையாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவும் இல்லை. சிங்கப்பூரும் அப்படித்தான்.

இதை ஏதோ மறதியில் விட்டுப்போன வேலை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாட்டில் இருக்கிற சட்டத்துக்கு வரலாறு இருப்பதுபோல, இல்லாத சட்டத்துக்கும் வரலாறு இருக்கிறது.

2020 ஏப்ரலில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது, லங்காவி அருகே சுமார் 200 ரொஹிங்யாக்கள் இருந்த படகு ஒன்றை நம் கடற்படை திருப்பி அனுப்பியது. அந்த வாரம் எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் பெரிய மாமா தொடங்கி வைத்தார். "நம்ம ஆளுங்களுக்கே சோத்துக்கு வழி இல்ல, இவனுங்களுக்கு எதுக்குலா எடம்?" அடுத்து ஒரு சித்தி: "செலாயாங் பசாருக்குப் போயிப் பாரு, பூரா அவனுங்கதான்." படகில் பிள்ளைகளும் இருக்கிறார்களாமே என்று கேட்டது ஐந்தாம் படிவம் படிக்கும் அக்காள் மகள் ஒருத்திதான். அவளுக்கு யாரும் பதில் போடவில்லை.

மாமாவின் வாக்கியங்களை நான் முன்பே படித்திருந்தேன். 1978, 1979ஆம் ஆண்டுச் செய்திகளில் ஏறக்குறைய அதே சொற்கள் இருந்தன. 'ரொஹிங்யா' என்ற இடத்தில் 'வியட்நாமியர்' என்று இருந்தது, அவ்வளவே.

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. அடுத்த மாதமே முதல் படகு மலேசியக் கரைக்கு வந்துவிட்டது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் இது பெரிய விவகாரமாகவில்லை. 1978 மார்ச்சில் ஹனோய் அரசு தெற்கிலிருந்த தனியார் வணிகத்தை ஒழித்தது. வணிகம் பெரும்பாலும் வியட்நாமியச் சீனர்கள் கையில் இருந்தது. சீனாவோடு பகை முற்றியபோது அவர்களுக்கு அங்கே இருப்பே இல்லாமல் போனது. தலைக்கு இத்தனை தங்கம் என்று அதிகாரிகளுக்குக் கட்டிவிட்டுப் படகேறினார்கள். அந்த நவம்பரில் 'ஹாய் ஹோங்' என்ற பழைய சரக்குக் கப்பல் சுமார் 2,500 பேரோடு கிள்ளான் துறைமுகத்தை ஒட்டி வந்து நின்றது. மலேசியா இறங்க விடவில்லை. காசு கொடுத்து ஏறியவர்கள் அகதிகள் ஆக மாட்டார்கள் என்பது வாதம். கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகள் ஏற்றுக்கொள்ள முன்வந்த பிறகே அவர்களுக்கு விடிவு கிடைத்தது.

காசு கொடுத்தால் அகதி இல்லை என்ற வாதம் இன்றும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. உயிருக்குப் பயந்து ஓடுகிறவனைப் படகுக்காரன் சும்மா ஏற்றிக்கொள்வானா என்று யாரும் கேட்பதில்லை.

திரெங்கானு கரையில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மீனவக் கம்பங்களில் ஏழ்மை அதிகம். வந்தவர்கள் கையில் தங்கம் இருந்தது; முகாமுக்காகக் கொள்முதல் நடந்தது; மீன், காய்கறி விலை ஏறியது. கரையொதுங்கிய படகுகள் மீது கல்லெறிந்தார்கள். 1978 நவம்பரில் கோலத் திரெங்கானு ஆற்று முகத்தில் ஒரு படகு கவிழ்ந்து இருநூறு பேர் வரை மூழ்கிப் போனார்கள், கரையில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கல்லெறிந்தவர்களை வெறும் கொடியவர்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அரசியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1969 மே 13 நடந்து ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பாஸ் கட்சி 1977 இறுதியில் தேசிய முன்னணியிலிருந்து வெளியேற்றப்பட்டு, கிழக்குக் கரையில் அம்னோவோடு மலாய் வாக்குகளுக்கு மல்லுக்கு நின்றது. வந்து இறங்குபவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பசியோடு வந்தவர்களை இந்த நாடு முதலில் இனக் கணக்கில்தான் எண்ணியது.

அவர்களைக் கம்பங்களின் கண்ணிலிருந்து மறைக்கத்தான் பீடோங் தீவு. மேராங் கரைக்கு எதிரே, சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு. 1978 ஆகஸ்டு 8 அன்று முகாம் திறந்தபோது 4,500 பேருக்கு என்று கணக்குப் போட்டார்கள். 1979 ஜூனில் அங்கே ஏறக்குறைய 40,000 பேர் இருந்தார்கள். நான் சில ஆண்டுகளுக்கு முன் பகல் நேரச் சுற்றுலாப் படகில் அங்கே போயிருக்கிறேன். கடற்கரையிலிருந்து மேடு தொடங்கும் இடம் வரை நடக்க சில நிமிடங்கள்தான் பிடித்தன. அந்தச் சின்ன இடத்தில் மரத்தை வெட்டி, அரிசிச் சாக்கையும் பிளாஸ்டிக் விரிப்பையும் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக மாடி வைத்துக் குடிசை போட்டிருந்தார்கள். குடிநீர் தரையிலிருந்து படகில் வந்தது. கோயில், தேவாலயம், தையல் கடை, ஆங்கில வகுப்பு, கறுப்புச் சந்தை எல்லாம் இருந்தன. எந்த நாடு யாரை எடுத்துக்கொள்ளப் போகிறது என்று ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள். நாள் முழுக்க அதற்கே காது கொடுத்துக் கிடந்தவர்கள் உண்டு. மலேசியச் செம்பிறைச் சங்கத்தின் ஊழியர்கள் அங்கே செய்த வேலை பெரிய வேலை. நம் வரலாற்றுப் பாடநூலில் அதற்கு ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம்.

ஆவணங்களில் இவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. அகதி என்று எழுதினால் கடமை வந்துவிடும்.

1979 ஜூன் 15. துணைப் பிரதமர் டாக்டர் மகாதீர், முகாம்களில் இருப்பவர்களைக் கடலுக்கே திருப்பி அனுப்புவோம், இனி வருபவர்களைக் கண்டவுடன் சுட வகைசெய்யும் சட்டம் கொண்டுவருவோம் என்று சொன்னதாகச் செய்தி உலகெங்கும் பரவியது. பிறகு விளக்கம் வந்தது: சொன்னது 'ஷூட்' இல்லை, 'ஷூ'. அதாவது கோழியை விரட்டுகிற மாதிரி. அந்த விளக்கத்தைக் கேட்டு யார் நிம்மதி அடைந்தார்களோ தெரியவில்லை. பிரதமர் உசேன் ஓன், யாரையும் சுட மாட்டோம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் குர்ட் வால்ட்ஹைமுக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. உள்துறை அமைச்சர் கசாலி ஷாபிக்கோ இது பாதுகாப்புப் பிரச்சினை. ஒரே அமைச்சரவையில் மூன்று குரல்கள். அவை எதற்காக வேறுபட்டன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அவர்களை இங்கே தங்க விடலாம் என்று மூவரில் எவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லி அனுப்புவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. சுடவில்லையே தவிர, அந்த ஆண்டின் முதல் பாதியில் பல்லாயிரம் பேர் இருந்த படகுகளைக் கடற்படை கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டது.

சிங்கப்பூரின் வழி சத்தமில்லாதது. 90 நாளுக்குள் இவர்களை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று இன்னொரு நாடு உத்தரவாதம் தர வேண்டும். ஒரு நேரத்தில் 1,000 பேருக்கு மேல் கூடாது. செம்பவாங்கின் ஹாக்கின்ஸ் சாலை முகாம் அந்தக் கணக்கில்தான் 1996 வரை நடந்தது. உத்தரவாதம் இல்லாத படகுக்கு எரிபொருளும் தண்ணீரும் கொடுத்து வழியனுப்பி வைத்தார்கள். அங்கே 'ஷூட்', 'ஷூ' குழப்பமெல்லாம் வரவில்லை.

மிரட்டல் பலித்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1979 ஜூன் மாதத்தில் மட்டும் வட்டாரமெங்கும் 54,000 பேர் படகில் வந்து இறங்கியிருந்தார்கள். ஜூன் இறுதியில் ஆசியான் நாடுகள் இனி யாரையும் ஏற்க மாட்டோம் என்று கூட்டாக அறிவித்தன. ஜூலை 20, 21இல் ஜெனிவாவில் 65 அரசுகள் கூடின. மேற்கு நாடுகள் ஏற்கச் சம்மதித்த தொகை 125,000இலிருந்து 260,000 ஆனது. போரை நடத்திய அமெரிக்காவும், அதற்கு முன் ஆண்ட பிரான்சும் பொறுப்பேற்கட்டும், மீனவக் கம்பம் எதற்குச் சுமக்க வேண்டும் என்று மலேசியா கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1991 அக்டோபரில் பீடோங் மூடப்படும்வரை சுமார் இரண்டரை லட்சம் பேர் அந்தத் தீவு வழியாகப் போனார்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா என்று பரவி, மருத்துவரும் பொறியாளரும் ஆனார்கள். இதில் நம் அரசு பெருமைப்படலாம்.

ஆனால் இந்த வெற்றியிலிருந்து புத்ராஜெயா கற்றுக்கொண்டது வேறு பாடம். நாம் சட்டம் எதுவும் எழுத வேண்டாம். இடம் கொடுப்பதுபோல் கொடுத்து, விரட்டுவதுபோல் விரட்டினால் வேறு யாராவது வந்து அழைத்துக்கொண்டு போவார்கள். இன்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்து இங்கே இருப்பவர்கள் 180,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். அழைத்துக்கொண்டு போக ஆள்தான் இல்லை.

சட்டம் இல்லாததில் இன்னொரு வசதி உண்டு. யாரை உள்ளே விடுவது என்பதை அன்றன்றைக்குத் தீர்மானித்துக்கொள்ளலாம். வியட்நாமியரைக் கடலுக்கு இழுத்துவிட்ட அதே காலத்தில், கம்போடியாவிலிருந்து வந்த சாம் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் இங்கேயே குடியமர்த்தப்பட்டார்கள். மிண்டானாவ் போரிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு சபாவில் துன் முஸ்தபாவின் ஆட்சி இடம் கொடுத்தது, ஐ.எம்.எம். 13 என்ற அனுமதிச் சீட்டு கிடைத்தது, வேலை செய்ய முடிந்தது. இடம் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. அவர்களும் போரிலிருந்து தப்பியவர்கள்தாம். ஆனால் விதி ஒன்று இல்லாமல் கொடுத்ததால் அது இரக்கமாக நினைவில் நிற்காமல் வாக்காளர் கணக்காகவே நின்றது. சபா மக்களின் கோபம் அரச விசாரணை ஆணையம் வரை போனது. 2014இல் வெளியான அறிக்கையும் அந்தக் கோபத்தை ஆற்றவில்லை.

இந்தக் கணக்கெடுப்பில் நம்மையும் எண்ணியிருக்கிறார்கள். எங்கள் மாமாவுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். 1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வரும்வரை இந்தியத் தொழிலாளிக்கு இங்கே வர பெரிய தடையில்லை. ரப்பருக்கு ஆள் வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்தபோது, அதற்கு முன் பிறந்தவர்களும் கப்பலில் வந்தவர்களும் விண்ணப்பித்துத்தான் குடியுரிமை பெற வேண்டும் என்றானது. தோட்டத்தில் பாரம் நிரப்பிக் கொடுக்கக் கிராணிக்கு மனம் இருக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இது முக்கியமான விஷயம் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமகன் இல்லாதவனுக்கு வேலை செய்ய பெர்மிட் வேண்டும். மே 13க்குப் பிறகு அதைத் தீவிரமாக அமல்படுத்தினார்கள். சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று சொல்லப்படுகிறது.

அவர்களில் ஒருவர் என் தாத்தாவின் தம்பி. கெடாவில் முப்பது வருஷம் மரம் வெட்டியவர். 'ரஜூலா' கப்பலில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் போய் இறங்கினார். அவருடைய மூத்த மகனுக்கு, அதாவது இந்த மாமாவின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு, அதற்கு முன் இந்தியாவைத் தெரியாது. என் பாட்டி இங்கேயே இருந்தார், சிவப்பு ஐசியோடு. ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த மண்ணில் வாழ்ந்தும் ஒரு பொதுத் தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. தேர்தல் நாளில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். "நீ போவலயா பாட்டி?" என்று கேட்டால், "எனக்குக் கலரு சரியில்லடா" என்பார்.

அன்று அந்தக் குடும்பங்களை 'வேலையைப் பறிப்பவர்கள்' என்றுதான் சொன்னார்கள். செலாயாங் பசார் என்ற சொல் மட்டும்தான் அன்று இல்லை.

அவரவர் ஆளுக்கு அவரவர் கண்ணீர் என்பது எல்லா இனத்துக்கும் பொது. 2014 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு பெற்றிருந்த இலங்கைத் தமிழர் மூவரை மலேசியப் போலீஸ் கைதுசெய்து, இரண்டு வாரத்துக்குள் கொழும்புக்கு அனுப்பி வைத்தது. அப்போது நம் ஆட்கள் கொதித்தார்கள். அனைத்துலகச் சட்டம், திருப்பி அனுப்பாமைக் கொள்கை எல்லாம் ஒட்டுக்கடையில்கூடப் பேசப்பட்டது. ஆறு வருஷத்தில் ரொஹிங்யா படகு வந்தபோது அந்தச் சட்டங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. 2016 டிசம்பரில் பிரதமர் நஜிப் தித்திவங்சா அரங்கில் ரொஹிங்யாக்களுக்காகப் பேரணி நடத்தினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வாங் கெலியான் காட்டில் மனிதக் கடத்தல் முகாம்களும் புதைகுழிகளும் கண்டெடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பேரணிக்குப் பிறகும் அவர்கள் சட்டப்படி வேலை செய்ய முடியவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியும் திறக்கவில்லை. 2018இல் பக்காத்தான் ஹராப்பான், அகதிகள் உடன்படிக்கையை ஏற்போம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதி ஆட்சிக்கு வந்தது. இருபத்திரண்டு மாதத்தில் ஆட்சி போனது. உடன்படிக்கை அந்த அறிக்கையிலேயே நின்றுவிட்டது.

பீடோங்கில் இப்போது ஆள் குடியிருப்பு இல்லை. 2005இல் ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து முன்னாள் அகதிகள் திரும்பி வந்து அங்கே ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். கடலில் இறந்தவர்களுக்கு அஞ்சலியும், உதவியவர்களுக்கு நன்றியும் அதில் எழுதியிருந்தார்கள். வியட்நாம் அரசு ஆட்சேபம் தெரிவித்தது. சில மாதங்களில் கல்லை எடுத்துவிட்டார்கள்.