ஸ்காண்டி கூர்

வட ஐரோப்பியக் காட்டுக் கத்திகளின் வெட்டுவாய் அமைப்பு. பின்லாந்தின் பூக்கோவும் சுவீடனின் மோரா கத்தியும் இதற்குப் பேர்போனவை. மோரா என்பது தாலர்னா மாகாணத்தில் உள்ள ஊர். அப்பகுதியில் 1891-இல் தொடங்கிய ஃப்ராஸ்ட்ஸ், 1912-இல் தொடங்கிய கே. ஜே. எரிக்சன் ஆகிய இரு பட்டறைகளும் 2005-இல் ஒரே நிறுவனமாயின.

இவ்வகைக் கத்தியின் அலகு, முதுகிலிருந்து பாதிக்கு மேல் ஒரே கனமாக வந்து, பிறகு இருபுறமும் அகலமான தட்டைச் சரிவாக இறங்கிக் கூராகிறது. சமையல் கத்தியில் நுனியை ஒட்டி இருக்கும் இரண்டாவது சிறுசரிவு இதில் இல்லை. இருபக்கச் சரிவும் சேர்ந்து ஏறத்தாழ 25 பாகை. மரம் சீவ இதைவிடச் சுகமான கத்தி கிடையாது.

தீட்டுவதும் எளிது. கோணத்தைக் கைக்கணக்கில் பிடிக்க வேண்டியதில்லை. சரிவை நனைந்த கல்லில் அப்படியே படிய வைத்துத் தேய்த்தால் போதும். 1000 எண் கல்லில் தொடங்கி, அதைவிட நயமான கல்லில் முடிக்கலாம். புதிதாகப் பழகுவோர் சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசிக்கொள்வது நல்லது. நாலு இழுப்புக்குப் பின் நுனியோரம் மட்டும் மை மிச்சமிருந்தால் தேய்ப்பு இன்னும் நுனியை எட்டவில்லை. மேலோரம் மிச்சமிருந்தால் முதுகைத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். மறுபக்கத்தில் விரலைக் குறுக்கே நகர்த்தும்போது நுனி நெடுக மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. கடைசியில் பழைய தோல் வாரில், முதுகு முன்னே போகும்படி இழுத்துப் பிசிறை நீக்குவார்கள்.

குறையும் உண்டு. எலும்பிலோ காய்ந்த கணுவிலோ ஓங்கி வெட்டினால் மெல்லிய நுனி மடங்கும் அல்லது பல்பல்லாகச் சிதறும். வெட்டும் பிளப்பும் மிகுந்த வேலைக்கு, வளைந்து இறங்கும் குவிந்த வாய் தேவை. சுவீடன் விமானப்படை விமானிகளுக்கு 1995 முதல் வழங்கப்படும் ஃபால்க்னிவன் எஃப்1 கத்தி அவ்வகையே. அதைக் கல்லில் தீட்டினால் வளைவு கெடும். ரப்பர் விரிப்பின் மேல் உப்புத்தாளைப் போட்டு, வார் பிடிப்பதுபோல் பின்னோக்கி இழுக்க வேண்டும். விறகு பிளப்பதைவிடச் சீவலே அதிகம் என்றால் ஸ்காண்டியே போதும்.

எதுவானாலும் மின்சாணைக்குக் கொடுக்கக் கூடாது. சூட்டில் நுனி நீலம் பூத்துவிட்டால் எஃகின் பதம் இறங்கிவிட்டதென்று பொருள். அந்த இடத்தைத் தேய்த்து நீக்கும்வரை கூர் நிற்காது.