நான்கு விரல், நான்கு நன்றி



நவம்பர் மாதம் வந்தால் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு கைவேலை நடக்கும். பிள்ளை தன் கையைத் தாளில் விரித்து வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைய வேண்டும். கட்டைவிரல் வான்கோழியின் தலை. மற்ற நான்கு விரல்களும் இறகுகள். இறகுக்கு ஒன்றாக நான்கு நன்றிகள் எழுத வேண்டும். அங்கே இருக்கும் என் பேத்தி அம்மா, அப்பா, நாய்க்குட்டி, பீட்சா என்று எழுதியிருந்தாள்!

செலவில்லாத, அழகான வேலை. ஆனால் அந்த நன்றித் திருநாளின் வரலாற்றைப் படித்தால் ஒரு கேள்வி எழுகிறது. நன்றி எதற்கு என்று எழுதுகிறோம். யாருக்கு?

1620இல் மேஃப்ளவர் கப்பலில் 102 பயணிகள் இங்கிலாந்திலிருந்து வந்து, இன்றைய மாசசூசெட்ஸில் பிளிமத் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப்பேர் இறந்துபோனார்கள். மிஞ்சியவர்களுக்கு அந்த மண்ணில் விவசாயம் செய்யத் தெரியவில்லை.

கற்றுக்கொடுத்தவர் டிஸ்குவாண்டம் என்ற பூர்வகுடி மனிதர். மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் நடும் முறையைக் காட்டினார். அவர் கதையைக் கேளுங்கள். 1614இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரன் அவரைப் பிடித்துப்போய் ஸ்பெயினில் அடிமையாக விற்றான். எப்படியோ தப்பி, 1619இல் ஊர் திரும்பினார். ஊரே இல்லை. கொள்ளைநோயில் அத்தனை பேரும் மாண்டிருந்தார்கள். வெறிச்சோடிக் கிடந்த அந்த ஊரின் மேல்தான் பிளிமத் எழுந்தது. தன் சொந்த ஊர் மண்ணில், வந்தவர்களுக்கு விதைக்கச் சொல்லிக்கொடுத்தார் அவர்.

1621 இலையுதிர்காலத்தில் நல்ல அறுவடை. மூன்று நாள் விருந்து. வாம்பனோக் இனத் தலைவர் மாசசாயிட் 90 ஆட்களுடன் வந்தார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். விருந்தில் இருந்த வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் பறவை வேட்டை உண்டு. வான்கோழி என்ற பெயர் இல்லை!

இதைத் தேசியத் திருநாளாக்கப் பல ஆண்டுகள் எழுதிப் போராடியவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர். நம் எல்.கே.ஜி. பிள்ளைகள் பாடும் 'மேரி ஹேட் எ லிட்டில் லாம்ப்' அவர் எழுதியதுதான். 1863இல், உள்நாட்டுப் போர் நடுவே, அவர் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார். நவம்பர் கடைசி வியாழனை நன்றி நாளாக லிங்கன் அறிவித்தார். அந்த அறிவிப்பில் பிளிமத்தும் இல்லை, வாம்பனோக் மக்களும் இல்லை. 1941இல் நான்காம் வியாழன் என்று சட்டமானது.

உதவியவர்கள் என்ன ஆனார்கள்? விருந்து முடிந்து 55 ஆண்டில், 1676இல், மாசசாயிட்டின் மகன் மெட்டாகாம் போரில் கொல்லப்பட்டார். அவர் தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். 1970 முதல் பூர்வகுடி மக்கள் அதே ஊரில் அந்த நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள்.

கைவேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் ஒரு வரி கூட்ட வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு முன் என் வகுப்பில் சார்ட் தாளில் வாழ்த்து அட்டை செய்வோம். 'நன்றி' என்று மட்டும் எழுதினால் வாங்க மாட்டேன். யார், என்ன செய்தார் என்று எழுத வேண்டும். எழுதியதை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். 'சத்துணவு ஆயாவுக்கு, எனக்கு முட்டை உரித்துக் கொடுத்ததற்கு' என்று எழுதினான் ஒரு இரண்டாம் வகுப்புப் பையன். ஆயா அந்த அட்டையைச் சமையல் கூடச் சுவரில் ஒட்டிவைத்தார்.

வள்ளுவர் தம் பதினோராம் அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றி அறிதல்' என்றுதான் பெயர் வைத்தார். சொல்லுதல் என்று வைக்கவில்லை. செய்தவர் யார், செய்தது என்ன என்று அறிந்த பிறகுதான் நன்றி.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, வரும் பொங்கலுக்கு உங்கள் பிள்ளைகளிடம் இதைச் செய்து பாருங்கள்.