சாட்சி சொன்ன சுவர்

மரச்சட்டத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, அறையை இருளாக்கி, வீட்டிலேயே படம் காண்போர் இன்று பலர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வெறுஞ்சுவரே திரையாக நின்று அறிவுலகிற்குச் சாட்சி கூறியது.

கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், இருட்டறையின் துளைக்கு எதிரே விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே சுவரில், விளக்குகளின் எண்ணிக்கைக்கேற்ப ஒளித்திட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தார். அதற்குரிய திட்டு மட்டும் மறைந்தது. ஒரே துளையில் புகுந்தும் ஒளிகள் தம்முள் கலப்பதில்லை என்பது உறுதியாயிற்று. ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' இதனைப் பதிந்து வைத்துள்ளது.

முன்னோர் கூற்றாயினும் சோதித்தே ஏற்பது அவர் கொள்கை. அவர் பெயரால் பெருமை கொள்ளும் நாம் அக்கொள்கையை மறக்கலாமா? வீட்டுத் திரையில் படம் முடிந்தபின், இரு விளக்குகளும் துளையிட்ட அட்டையும் கொண்டு அச்சோதனையை நம் மக்களுக்குச் செய்து காட்டுவோமாக!