கேட்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த உழைப்பு

வீடியோ விளையாட்டை இயந்திரத்திலிருந்து பிரித்து, தனிப் பொருளாக விற்கலாம் என்ற யோசனைக்குக் கிடைத்த புகழில் பாதிகூட அதைச் சாத்தியமாக்கிய உழைப்புக்குக் கிடைக்கவில்லை. யோசனை கனெக்டிகட்டில் இருந்த ஆல்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் பிறந்தது. அங்கே வாலஸ் கிர்ஷ்னரும் லாரன்ஸ் ஹாஸ்கெலும் விளையாட்டின் நிரலை ரோம் சிப்பில் பதிந்து, மாற்றிச் செருகக்கூடிய ஒரு மாதிரியைச் செய்திருந்தார்கள். ஆனால் ஆய்வுமேசையில் பொறியாளர் பார்த்துச் செருகும் பலகை வேறு, வீட்டுக் கூடத்தில் எட்டு வயதுப் பிள்ளை நாள்தோறும் பிடுங்கிச் செருகும் பலகை வேறு. தொடுமுனைகள் தேயக்கூடாது. கையிலிருந்து பாயும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கக்கூடாது. அண்டை வீட்டுத் தொலைக்காட்சியின் அலைகளிலும் குறுக்கிடக்கூடாது. இதில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் கறாராக இருந்தது. ஆல்பெக்ஸின் மாதிரியை எடுத்துக்கொண்ட ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் ஜெரி லாசன் தலைமையிலான குழு இவற்றையெல்லாம் தீர்த்தது. ரான் ஸ்மித் இயந்திர அமைப்பையும், நிக் டேல்ஸ்ஃபோர் வெளித்தோற்றத்தையும் பார்த்துக்கொண்டார்கள். 1976 நவம்பரில் அவர்களின் 'சேனல் எஃப்' விளையாட்டு இயந்திரம் கடைக்கு வந்தது. அதன் மஞ்சள் நிற கேட்ரிட்ஜ், அன்று பாட்டுக் கேட்கப் புழங்கிய 8-ட்ராக் நாடாப்பெட்டியின் அளவையும் சாயலையும் கொண்டிருந்தது. வாங்குபவரின் கை ஏற்கெனவே பழகிய வடிவம் அது. இந்தக் கரிசனத்தையே நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

1972-இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிஸியிலேயே செருகும் அட்டைகள் இருந்தனவே என்று கேட்பார்கள். இருந்தன. ஆனால் அந்த அட்டைகளில் நிரல் எதுவும் இல்லை. பெட்டிக்குள் இருந்த சுற்றுகளை வெவ்வேறு விதமாக இணைப்பதுதான் அவற்றின் வேலை. சந்தையில் வென்றது 1977-இல் வந்த அட்டாரி வி.சி.எஸ். தானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. 1980-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அதற்கு வந்தபின் சேனல் எஃப் கிட்டத்தட்ட மறக்கப்பட்டது. விற்பனையில் யார் முந்தினார் என்பது வேறு கேள்வி. எவரும் அச்சமின்றிச் செருகும் பொருளாக விளையாட்டு மாற முடியும் என்பதைக் கடைத்தெருவில் முதலில் நிரூபித்தது லாசனின் குழு. அதன் விளைவை முழுமையாக அனுபவித்தது அட்டாரிதான், கசப்பையும் சேர்த்து. 1979-இல் அட்டாரியை விட்டு வெளியேறிய நிரலாளர்கள் ஆக்டிவிஷனைத் தொடங்கி, அதே அட்டாரி இயந்திரத்துக்கே கேட்ரிட்ஜ்கள் விற்றார்கள். வழக்குத் தொடர்ந்தும் அட்டாரியால் அவர்களைத் தடுக்க முடியவில்லை, 1982-இல் சமரசமாயிற்று. செருகுவாய் இருக்கிறது என்றால் அதில் யார் செய்த விளையாட்டும் நுழையலாம். அதனால்தான் 1985-இல் அமெரிக்காவுக்கு வந்தபோது நின்டெண்டோ, தன் அனுமதி பெறாத கேட்ரிட்ஜை மறுக்கும் பூட்டுச் சிப் ஒன்றை இயந்திரத்துக்குள்ளேயே வைத்தது.