பைண்டு தொடர்கதை

பைண்டு தொடர்கதை என்பது, வாரப் பத்திரிகையில் வெளிவந்த நாவல் ஒன்றின் பக்கங்களை இதழ்தோறும் பிரித்தெடுத்து, அத்தியாய வரிசையில் அடுக்கி, அட்டை போட்டுத் தைத்து, வீட்டார் படித்து முடித்தபின் அக்கம்பக்கத்தாருக்கும், அவர்கள் வாயிலாக முன்பின் அறியாதவர்களுக்கும் கைமாறிச் செல்லும்படி விடப்பட்ட தொகுப்பாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நாவல் வாசிப்பு பரவியதற்கு அச்சிட்ட புத்தகங்களைக் காட்டிலும் இத்தொகுப்புகளே பெரிதும் காரணமாயின என்று சொன்னால் அது மிகையாகாது.

தமிழில் தொடர்கதை வழக்கம் பழமையானது. ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் வெளிவந்தது. ஆயினும் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து வைக்கும் ஆசை பெருவழக்காக வேரூன்றியது ‘ஆனந்த விகடன்’, 1941-இல் தோன்றிய ‘கல்கி’ போன்ற வாரப் பத்திரிகைகள் ஓவியங்களுடன் தொடர்கதைகளை வெளியிட்ட காலத்திலேதான். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள், ஐந்து பாகங்களாக ‘கல்கி’ இதழில் ஓடிய, எழுத்தாளர் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை அடுத்த வீட்டில் இரவல் வாங்கித் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டுமானால் யாரேனும் ஒருவர் இதழ்களைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும், அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியாக இருந்தார்.

தைக்கும் முறையைச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம்; ஏனெனில் தொகுப்பின் குணங்கள் பலவும் அதிலிருந்தே பிறக்கின்றன. நடுவில் கம்பி அடித்த பத்திரிகையிலிருந்து உருவிய தாள்கள் தனித்தனி ஏடுகளாய் நிற்பதால், அவற்றை மடிப்பில் தைக்க இயலாது. ஆகவே பைண்டர் அவற்றை ஒன்றுசேர்த்துத் தட்டி, ஓரத்தில் குத்தூசியால் துளையிட்டு, முறுக்கு நூலால் பக்கவாட்டில் தைத்து, முதுகுக்குக் காலிகோ துணி ஒட்டி, மேலும் கீழும் தடித்த அட்டை வைப்பார். பூச்சி அரிக்காதிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. இவ்வாறு தைக்கும்போது உள்ளோரத்து எழுத்துக்கள் சில தையலுக்குள் மறைந்துவிடும். வாசகர் அவற்றை ஊகித்தே படிக்க வேண்டும். அத்தியாயம் முடியும் பக்கத்தின் பின்புறத்தில் வேறொரு சிறுகதையின் நடுப்பகுதியோ, சமையல் குறிப்போ, கூந்தல் தைலத்தின் விளம்பரமோ தலையும் வாலுமின்றி நிற்கும். முதலில் இடையூறாகத் தோன்றும் இந்தத் துணுக்குகளையும் விடாமல் படித்த வாசகர்கள் உண்டு; இன்று அவை அக்கால வாழ்க்கையின் நேரான சாட்சியங்களாக விளங்குகின்றன.

தொகுப்பின் காலத்தை ஓவியங்கள் கொண்டே நிர்ணயிக்கலாம். ‘பொன்னியின் செல்வன்’ முதன்முறை வந்தபோது படம் வரைந்தவர் மணியம். ‘கல்கி’ அதே கதையைப் பிற்காலத்தில் மீண்டும் வெளியிட்ட சந்தர்ப்பங்களில் வினு, பத்மவாசன் முதலியோர் வரைந்தனர். மணியத்தின் சித்திரங்கள் உள்ள தொகுப்பை இன்றும் பழம்புத்தக ரசிகர்கள் தேடியலைவது இதனாலேயே.

இனி, இத்தொகுப்புகளுக்குத் தனிச் சிறப்பளிக்கும் அம்சத்திற்கு வருவோம். நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம்; விலை கொடுத்து வாங்கிய புதுப் புத்தகத்தில் எழுத மனம் வராது. ஆனால் பழைய பத்திரிகைத் தாளில் பென்சில் ஓட்ட யாரும் தயங்கியதில்லை. பெயரும் தெருவும் எழுதி, ‘படித்துவிட்டுத் திருப்பித் தரவும்’ என்ற வேண்டுகோளுடன் புறப்படும் தொகுப்பு, கை மாறும் வீடுகளிலெல்லாம் ஓர் அடிக்கோட்டையோ, வியப்புக்குறியையோ, இரண்டு வரி அபிப்பிராயத்தையோ சேர்த்துக்கொண்டு போகும். ‘பொன்னியின் செல்வ’னில் வரும் நந்தினியை ஒருவர் நிந்தித்திருக்க, அதன் கீழேயே வேறொரு கையெழுத்து அவளுக்காக வாதாடும். அதே நாவலில் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி திட்டவட்டமாகத் தீர்த்துச் சொல்லாமல் விட்டமையால், அந்த அத்தியாயங்களின் ஓரங்கள் வழக்காடும் மன்றங்களாகவே மாறிவிடுவதுண்டு. ஒருவரையொருவர் ஒருநாளும் சந்தித்திராத மனிதர்கள், ஆண்டுக்கணக்கான இடைவெளியில், ஒரே தாளின் மேல் நிகழ்த்திய சம்பாஷணை அது. பிரதியின் விலைமதிப்பற்ற பகுதியும் அதுவே என்பது இக்கட்டுரையாசிரியரின் உறுதியான எண்ணம்.

வாசகரின் இந்த ஈடுபாடு ஆசிரியர்களையும் எட்டாமலில்லை. ‘பொன்னியின் செல்வன்’ முற்றுப்பெற்றதும், கதை திடீரென நின்றுவிட்டதாகக் குறைப்பட்ட வாசகர்களின் கேள்விகளுக்குக் கல்கி முடிவுரை எழுதி விடையளித்தார். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ தொடர்ந்த நாட்களில் அரவிந்தன், பூரணி என்று குழந்தைகளுக்குப் பெயரிட்ட பெற்றோர் பலர். எல்லாவற்றிலும் வலிமையான உதாரணம் ஜெயகாந்தனுடையது: 1966-இல் ‘ஆனந்த விகட’னில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையின் முடிவைக் குறித்து எழுந்த சர்ச்சையே, பின்னர் 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவலாக வளர்ந்தது.

புதுச்சேரி நகரிலிருந்து வில்லியனூர் வழியாக விழுப்புரம் செல்லும் சாலையில் அமைந்த ரெட்டியார்பாளையம் போன்ற பகுதிகளின் நிலை, இத்தொகுப்புகள் கைமாறிப் பரவிய விஷயத்தில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கி முடிந்த காலம் முழுவதும் இப்பகுதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. கீழூரில் 1954 அக்டோபர் 18-இல் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்து, நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியபோது, அந்நாவலின் நாயகன் வந்தியத்தேவனின் கதை முடிந்து சில மாதங்கள் கடந்துவிட்டன; அடுத்த மாதம் 5-ஆம் தேதி கல்கியும் காலமானார். சென்னை மாகாணத்தில் 1948-இல் நிறைவேறிய பொது நூலகச் சட்டத்தின் பயன் எல்லைக்கு இப்பால் கிடையாது. நகருக்குள் 1827-இல் நிறுவப்பட்டு இன்று ரொமேன் ரோலந்து பெயரைத் தாங்கி நிற்கும் பழம்பெரும் நூலகம் இருந்ததெனினும், மாட்டுவண்டிகள் போய்வரும் சாலையோரத்துக் குடியிருப்புகளில், மாலையில் வாசற்படிக்கு வந்து நிற்கும் நாவலுக்கு இணையான வசதி வேறில்லை.

இதற்கு உறவான மற்றொரு வழக்கம் கையெழுத்துப் பத்திரிகை. ஒரே பிரதியாக எழுதப்பட்டு, உறுப்பினர் வீடுகளுக்கு முறைவைத்துச் செல்லும் அவ்விதழின் இறுதியில் வாசகர் அபிப்பிராயத்திற்கென்று வெற்றுத் தாள்கள் சேர்க்கப்பட்டன. அங்கே கருத்துரை கேட்டுப் பெறப்பட்டது. பைண்டு தொடர்கதையிலோ கேளாமலே வந்து சேர்ந்தது. மேல்நாட்டில், 2001-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘புக் கிராஸிங்’ இயக்கம் புத்தகத்திற்கு எண் கொடுத்துப் பொது இடங்களில் விட்டு, எடுத்துப் படித்தவர் தம் எண்ணத்தைப் பதிய ஏற்பாடு செய்தது. நம் வீடுகளில் அக்காரியம் எண்ணுமின்றி ஏற்பாடுமின்றி நடந்துகொண்டிருந்தது.

மலிவு விலை மாத நாவல்களும் தொலைக்காட்சியும் பெருகியபின் இவ்வழக்கம் தளர்ந்தது. ‘கல்கி’யும் 2020-இல் அச்சு வடிவை நிறுத்திக்கொண்டது. எஞ்சிய தொகுப்புகளைச் சேகரிப்போர் மறுதையல் போடும்போது ஓரங்களை வெட்டிச் சமப்படுத்துவதும், பென்சில் குறிப்புகளை அழுக்கென்று கருதி ரப்பரால் தேய்ப்பதும் பெரும் நஷ்டம். பட்டியலிடுவோர் நாவலின் பெயர், இதழ், ஆண்டு, ஓவியர் ஆகியவற்றோடு, முதல் ஏட்டிலுள்ள ஊர்ப்பெயரையும், எத்தனை வேறு கையெழுத்துக்கள் காணப்படுகின்றன என்பதையும், அவை எந்தெந்த அத்தியாயங்களில் நெருங்கி நிற்கின்றன என்பதையும் குறித்து வைத்தல் வேண்டும்.