சூரியன் முதல் லேசர் வரை: சாயம் போடாமல் செல்லைப் பார்த்த கதை

இன்றைய எபிசோடை காரைக்காலில் இருந்து ஆரம்பிக்கலாம். காவிரியின் கிளையான அரசலாறு கடலில் கலக்கிற ஊர். விவசாயிகள் இதைக் ‘கடைமடை’ என்று சொல்வாங்க. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டிக் கடைசியாக வந்து சேர்கிற இடம். இந்த ‘கடைமடை’ என்ற வார்த்தையை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்டில் யாருக்காவது பயாப்ஸி எடுத்திருக்காங்களா? எடுத்திருந்தால் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்கள் ஞாபகம் இருக்கும். ஏன் அவ்வளவு நாள் ஆகுது? எடுத்த சதையை ஃபார்மலினில் ஊற வைக்கணும், மெழுகில் பதிக்கணும், முடியை விட மெல்லிசாகச் சீவணும், அப்புறம் சாயம் போடணும். சாயம் இல்லாமல் பார்த்தால் செல் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி இருக்கும், எதுவும் தெரியாது. அதனால் நூறு வருஷத்துக்கு மேலாக மருத்துவம் சாயத்தை நம்பித்தான் இருக்கு.

சாயமே போடாமல் பார்க்க முடியுமா? முடியும். இதற்கு ‘லேபிள்-ஃப்ரீ மைக்ராஸ்கோப்பி’ என்று பெயர். இதன் வேர் நம்ம ஊர்க்காரர் ஒருவரிடம் இருக்கு. அது வெளிச்சம் போதாமல் தவித்த ஒரு கதை.

1928: வெயிலை நம்பி ஒரு சோதனை

சி.வி. ராமன் 1888-இல் திருச்சி திருவானைக்காவலில் பிறந்தவர். 1907-இல் கல்கத்தாவில் மத்திய அரசின் கணக்குத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான். பிறகு அரசு வேலையை விட்டுவிட்டுப் பேராசிரியர் ஆனார். 1921-இல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை யோசிக்க வச்சுது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்குதா? அதற்கப்புறம் ஏழு வருஷம் அவரும் மாணவர்களும் இந்தக் கேள்வியை விடவே இல்லை.

1928 பிப்ரவரியில் சோதனையை நடத்தியவர் கே.எஸ். கிருஷ்ணன். அவர் விருதுநகர் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்தவர். ஏற்பாடு ரொம்ப எளிமை. ஒரு டெலஸ்கோப் லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்து, ஊதா நிறத்தை மட்டும் விடுகிற ஃபில்ட்டர் வழியாக ஒரு திரவத்துக்குள் செலுத்துவது. கண்ணுக்கு முன்னால் இன்னொரு ஃபில்ட்டர், அது ஊதாவைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும். ஊதா உள்ளே போய் ஊதாவாகவே சிதறினால் எதுவும் தெரியக் கூடாது, ஒரே இருட்டாக இருக்கணும். ஆனால் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிஞ்சுது!

என்ன நடந்தது? ஒளி மூலக்கூறில் மோதும்போது, மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் சக்தியில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு வேறு நிறமாக வெளியே வருது. எவ்வளவு கொடுத்தது என்று அளந்தால், மோதினது எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். கொழுப்புக்கு ஒரு அளவு, புரதத்துக்கு ஒரு அளவு. கிட்டத்தட்ட கைரேகை மாதிரி. பிப்ரவரி 28 அன்று ஸ்பெக்ட்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து உறுதி செஞ்சாங்க. நாம் தேசிய அறிவியல் தினம் கொண்டாடுறது அந்த நாளைத்தான்.

அதே சமயத்தில் வேறு இரண்டு இடங்களிலும் தேடல் நடந்துட்டிருந்தது. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இதையே பார்த்துட்டாங்க. ஆனால் அவங்க கட்டுரை பிந்தி வந்தது. பிரான்சில் ஜான் காபான் என்பவர் வாயுக்களில் தேடினார். அங்கே சிதறும் ஒளி ரொம்பக் குறைவு என்பதால் சிக்கவில்லை. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். ஆளுகிற நாட்டின் ஆய்வாளர் தவறவிட்டதை, பக்கத்து டெல்டாக்காரர் கல்கத்தா வெயிலில் பிடிச்சுட்டார்!

1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கு மட்டும் வந்தது. ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த முதல் குறிப்பில் கிருஷ்ணன் பெயரும் இருந்தது. பின்னாளில் அவர் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். ஆனாலும் இந்த விளைவின் பெயரில் அவர் இல்லை. பாடப்புத்தகத்திலும் ஒரு வரியைத் தாண்டுவதில்லை.

முப்பது வருஷக் காத்திருப்பு

சரி, 1928-லேயே கைரேகை கிடைச்சாச்சு. அப்புறம் ஏன் உடனே செல்லைப் பார்க்கலை? பிரச்சினை வெளிச்சம்தான். சிதறுகிற ஒளித்துகள்களில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் அல்லது கோடியில் ஒன்றுதான் இப்படி நிறம் மாறும். மெர்க்குரி விளக்கு போட்டுப் பல மணி நேரம் ஃபோட்டோ பிளேட்டைத் திறந்து வச்சால்தான் சில கோடுகள் பதியும். ஒரு பாட்டில் பென்சீனுக்கே இந்த நிலைமை என்றால், ஒரு செல்லுக்கு?

1960 மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் ரூபி லேசரை ஒளிர வைத்தார். ஒரே நிறம், ஒரே திசை, குவிந்த சக்தி. இரண்டே வருஷத்தில் ராமன் சோதனைக்கு லேசரைப் பயன்படுத்திட்டாங்க. அதே 1962-இல் லேசர் வேலையில் எதிர்பாராமல் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலுவான ஒளி கொடுத்தால் ராமன் சிதறல் தானாகக் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம், தூண்டி வரவைக்கலாம். ‘தூண்டப்பட்ட ராமன் சிதறல்’ இப்படித்தான் பிறந்தது. இரண்டு லேசர் நிறங்களை எடுத்து, அவற்றின் வித்தியாசத்தைக் கொழுப்பின் அதிர்வுக்குச் சமமாக வச்சால், கொழுப்பு இருக்கிற இடம் மட்டும் ‘நான் இங்கே இருக்கேன்’ என்று பதில் சொல்லும்.

ஆனால் வலுவான ஒளி செல்லைப் பொசுக்கிடுமே? அதற்குத்தான் துடிப்பு லேசர். நம்ம ஊர்த் தேரை நினைச்சுப் பாருங்க. நூறு பேர் ஆளுக்கொரு நேரம் வடத்தை இழுத்தால் தேர் அசையாது. ஒரே குரலுக்கு எல்லாரும் சேர்ந்து இழுத்தால் நகரும். லேசருக்குள் இருக்கிற பல அலைகளையும் இப்படி ஒரே தாளத்துக்குக் கொண்டுவருவதுதான் ‘மோட் லாக்கிங்’. அந்த ஒரு கணத்தில் உச்சகட்ட வலு, மற்ற நேரம் எதுவும் இல்லை. சராசரி சக்தி குறைவாக இருப்பதால் செல் தப்பிச்சுக்கும். 1980-களில் வந்த டைட்டானியம்-சஃபையர் லேசர் இதைப் பரவலாக்கியது. 1999-இல் சன்னி ஷியே உள்ளிட்டோர் ‘கார்ஸ்’ என்ற முறையில் உயிருள்ள செல்லை முப்பரிமாணத்தில் படம் எடுத்தாங்க. 2008-இல் ஷியேயின் குழுவே தூண்டப்பட்ட ராமன் முறையைப் பயோமெடிக்கல் மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுவந்தது.

1954: சென்னையில் ஒரு முடிச்சு

இன்னொரு வழியும் இருக்கு. சில பொருட்களில் லேசரைப் பாய்ச்சினால் இரண்டு ஒளித்துகள் சேர்ந்து ஒன்றாகி, பாதி அலைநீளத்தில் வெளியே வரும். 1961-இல் பீட்டர் ஃபிராங்கன் குழு இதைக் காட்டியபோது, ஆதாரமாக இருந்த மங்கலான புள்ளியை ஏதோ அழுக்கு என்று நினைச்சுப் பத்திரிகையில் அழிச்சுட்டாங்க என்பது புகழ்பெற்ற வேடிக்கை!

உடம்பில் இந்த வேலையை அழகாகச் செய்வது கொலாஜன் என்கிற நார்ப் புரதம். சாயமே இல்லாமல் அது மின்னும். கல்லீரலில் தழும்பு எவ்வளவு, கட்டியைச் சுற்றி நார் எப்படி வளைஞ்சிருக்கு என்றெல்லாம் பார்க்கலாம். காரணம், அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக முறுக்கி அடுக்கப்பட்டிருப்பது. அந்த முறுக்கு மூன்று இழை என்று 1954-இல் சொன்னவங்க யார் தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், அவருடன் கோபிநாத் கர்த்தா. அவங்க ஆராய்ந்தது கங்காரு வால் தசைநார். ராமச்சந்திரன் யாருடைய மாணவர்? ராமனோடது! அதே 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் காரைக்கால் பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து இந்தியாவிடம் வந்தது.

கடைமடைக்கு எப்போது?

டைட்டானியம்-சஃபையர் லேசர் ஒரு பெரிய மேசை அளவு இருக்கும். தூசியும் அதிர்வும் ஆகாது. பார்த்துக்க ஒரு நிபுணர் வேணும். ஆஸ்பத்திரிக்கு இது ஒத்துவராது. ஒளியிழைக்குள்ளேயே லேசரை உருவாக்கினதும் நிலைமை மாறிச்சு. சின்னப் பெட்டி, நகர்த்தினாலும் கலையாது. அதை அமெரிக்காவில் ஆபரேஷன் தியேட்டருக்கே கொண்டுபோனாங்க. 2020-இல் வெளியான ஆய்வில் 278 பேரின் மூளைக் கட்டித் துண்டுகளைச் சாயமில்லாமல் படம் எடுத்து, கணினி வகைப்படுத்தியது. இரண்டரை நிமிஷத்துக்குள் பதில் வந்தது. வழக்கமான அவசர முறைக்கு 20 முதல் 30 நிமிஷம் ஆகும். துல்லியம் 94.6 சதவீதம். வழக்கமான முறையில் நோயியல் மருத்துவர்களுக்கு 93.9.

இதனால் நோயியல் மருத்துவர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முழு ரிப்போர்ட்டுக்கு இன்னும் மெழுகும் சாயமும்தான். ஆனால் மருத்துவர் இல்லாத இடத்தில், மேசையில் நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது, அந்த 25 நிமிஷம் பெரிய விஷயம்.

2010-இல் தொடங்கிய என்.ஐ.டி. காரைக்காலில் இருக்கு, 2016-இல் ஜிப்மர் கிளையும் வந்தது. ஒரு பக்கம் பொறியியல், ஒரு பக்கம் மருத்துவம், ஒரே சின்ன ஊரில். 1928-இல் வெளிச்சத்துக்குச் செலவே இல்லை, வெயில் இலவசம். இன்று முழு விலையும் அந்த வெளிச்சத்தில்தான் இருக்கு. லேசரைக் குறைந்த விலையில் யார் செய்யப் போறாங்க என்பதுதான் அடுத்த அத்தியாயம்.

மேட்டூரில் தண்ணீர் திறந்தாலே காரைக்காலுக்கு வந்துடாது. நடுவில் வாய்க்கால் தூர்வாரி இருக்கணும். ராமன் மடையைத் திறந்து நூறு வருஷம் ஆகப் போகுது. தூர்வாருகிற வேலை நம்ம தலைமுறைக்கு மிச்சம் இருக்கு.