நார்க்கட்டி

தமிழக எல்லையில் ஜூஜுவாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. கடைப் பலகைகள் கன்னடமாகிவிடும். நார் மட்டும் பெரிதாக மாறாது: கன்னடத்தில் ‘நாரு’, தெலுங்கில் ‘நார’. வாழைமட்டையில் உரித்து, பூக் கட்டுகிற அதே நார்தான்.

கருப்பையில் வளரும் ‘ஃபைப்ராய்டு’ தமிழில் அந்த நாரின் பெயரால் நார்க்கட்டி ஆயிற்று. லத்தீன் ‘ஃபைப்ரா’வுக்கு இழை என்று பொருள், ‘ஆய்டு’ என்பது ‘போன்றது’ எனச் சொல்லும் கிரேக்க ஒட்டு. உள்ளே இருப்பதோ மென்தசையும் கொலாஜனும். மிகப் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ‘கட்டி’ என்ற சொல்லே பாதிப் பயத்தைக் கொடுத்துவிடுகிறது.

அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் ‘ஃபைப்ரின்’. இரத்தம் உறையும்போது வலைபோலப் பின்னிக்கொள்ளும் புரத இழை இது. பிளாஸ்மின் என்ற நொதி அதைக் கரைக்கும். அந்தக் கரைப்பைத் தடுப்பது டிரானெக்சாமிக் அமிலம். ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் கணவர் ஷோசுகேவும் கண்டறிந்து 1962இல் வெளியிட்ட மருந்து.

மாதவிடாயில் இரத்தம் அளவுக்கு மீறிப் போவதை நம் பழைய வைத்தியம் ‘பெரும்பாடு’ என்றது. படுகிறவர் பாட்டையும் சேர்த்துச் சொல்லும் பெயர்! நார்க்கட்டியால் வரும் பெரும்பாட்டுக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரையை எழுதுவதுண்டு. அது காப்பது ஃபைப்ரின் நாரை. கட்டியின் நாரைச் சுருக்குவதற்கான மருந்து அல்ல. காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டு வந்தவர்களுக்கு இது ஆகாது என்பதால், கடையில் பெயர் சொல்லி வாங்கக் கூடாது; மருத்துவர் சீட்டு வேண்டும்.